‘ல’ முடியும் இடத்தில் ஓர் இலை

ஐப்பசி அடைமழையில் கோத்தகிரி கடைவீதி நான்கு மணிக்கே இருட்டிவிடும். அப்படியொரு மாலையில் குடையை வாசலில் சாத்திவிட்டு அந்தப் பெரியவர் என் கடைக்குள் வந்தார். அப்பாவின் நெடுநாள் சிநேகிதர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸின் இலையைக் காய்ச்சித் தைலம் எடுத்து விற்பவர். சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஒரே ஒரு கையெழுத்துதான் கண்ணு. உங்கள் அம்மாவும் தம்பியும் போட வேண்டுமாம்” என்றார்.

நான் லேபிள் வரைந்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். தேயிலைப் பாக்கெட், சாக்லேட் பெட்டி, தேன் புட்டி என்று இந்த மலையில் விற்கும் பலவற்றின் மேல் என் எழுத்து இருக்கிறது. ஆகவே தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தைலப் புட்டியின் லேபிளுக்குப் பதிப்புரிமைப் பதிவு கேட்டு டெல்லிக்கு அனுப்ப வேண்டிய படிவம் ஒன்று. இன்னொன்று, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நாங்கள் எழுதித் தர வேண்டிய சான்று. படிவத்தில் ‘படைப்பாளியின் பெயர்’ என்ற இடத்தில் பெரியவர் தன் பெயரையே எழுதியிருந்தார்.

அந்த லேபிளை வரைந்தவர், கடைப் பலகை எழுதிவந்த, காலஞ்சென்ற என் அப்பா. 1988இல். மஞ்சள் தாளில் கரும்பச்சை எழுத்தில் ‘நீலகிரித் தைலம்’ என்று இருக்கும். இரண்டாவது ‘ல’வின் கடைசிக் கோட்டை மேலே இழுத்து, அரிவாள் போல வளைந்த ஒரு கற்பூர மர இலையாக முடித்திருப்பார். சிறுமியாக இருந்தபோது அந்த இலையை விரலால் தடவிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. டிரேசிங் தாளில் இந்தியன் இங்க்கில் வரைந்தார். அது சிவகாசிக்குப் போய் அச்சாகி வந்தது. கூலி 75 ரூபாயும் இரண்டு புட்டித் தைலமும்.

பெரியவர் பொய் சொல்பவர் அல்லர். “நான்தானே வரையச் சொன்னேன், காசும் கொடுத்தேன், அப்படியென்றால் அது என்னுடையதுதானே?” என்று அவர் கேட்டபோது அவருடைய முகத்தில் கள்ளம் இல்லை. இந்த மலையில் கடை வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதையேதான் சொல்வார்கள். கூலி கொடுத்துக் கட்டிய வீடு கொத்தனாருடையதா என்ன? ஆனால் எழுத்து வீடு அல்ல. இது எப்படி இங்கே வந்து நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் ஒன்றோடொன்று எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெரியவர் முதலில் போனது டிரேட்மார்க் பதிவுக்குத்தான். கோயம்புத்தூர் ஏஜென்ட் ஒருவர் மூலம் விண்ணப்பித்தார். சில மாதங்களில் பரிசோதனை அறிக்கை வந்தது. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவைச் சுட்டி ஆட்சேபணை. பொருளின் வகையையோ தரத்தையோ அது வரும் ஊரையோ மட்டும் சொல்லும் சொல்லை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. ‘நீலகிரி’ ஊர், ‘தைலம்’ பொருள். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் யூகலிப்டஸ் எண்ணெய்க்கே நம் நாட்டில் நீலகிரித் தைலம் என்றுதான் பெயர். வடக்கே இந்தியில் கேட்டாலும் நீலகிரி எண்ணெய் என்றே கேட்பார்கள். ஒரு பொருளின் பெயரை ஒரு கடைக்காரருக்குப் பட்டா போட்டுத் தந்துவிட்டால் மற்றவர்கள் எதைச் சொல்லி விற்பது? ஆட்சேபணை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

எங்கள் மலையின் சங்கடமே இதுதான். ஊட்டி, நீலகிரி, நீலமலை, குறிஞ்சி. இந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டுதான் எல்லாரும் கடை நடத்துகிறோம். ‘நீலகிரி ஆர்த்தடாக்ஸ்’ தேயிலைக்குத் தேயிலை வாரியம் புவிசார் குறியீடு பெற்றபோதுகூட ஒரு லோகோவோடுதான் பதிந்துகொண்டது. சொல் பொதுவாக இருக்கும்போது, ‘இது என்னுடையது’ என்று காட்ட விற்பவருக்கு மிஞ்சுவது அதை எழுதிய விதம் மட்டும். எழுத்தின் வளைவு, நிறம், அந்த இலை. ஆகவே ஏஜென்ட் பதில் எழுதினார்: சொல்லை நாங்கள் கேட்கவில்லை, எழுதப்பட்ட வடிவத்தைக் கேட்கிறோம், அதோடு, இத்தனை ஆண்டுப் புழக்கத்தால் அந்த வடிவத்தைப் பார்த்தாலே மக்களுக்கு எங்கள் புட்டி நினைவுக்கு வருகிறது. அதற்குச் சாட்சியாகப் பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பில்களை அனுப்பினார் பெரியவர். அந்தப் பதிலின் மேல் இன்னும் முடிவு வரவில்லை.

சொல்லிலிருந்து வடிவத்துக்கு அடியெடுத்து வைத்ததும் அவர் வேறொரு சட்டத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். வடிவம் என்றால் வரைந்த கை ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அந்தக் கையைத்தான் முதலில் தேடுகிறது.

அதே சட்டம் சொல்லைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பெயரோ இரண்டு மூன்று சொல் முழக்கமோ இலக்கியப் படைப்பு ஆகாது. ‘எக்ஸான்’ என்ற புதுச் சொல்லை உருவாக்க ஒரு பெரிய அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஆராய்ச்சியெல்லாம் செய்தது. ஆனாலும் அந்த ஒற்றைச் சொல்லில் பதிப்புரிமை இல்லை என்று 1981இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வணிகக்குறி சொல்லைக் காக்கும். பதிப்புரிமை வரைதலைக் காக்கும். லேபிள் ஒன்றின் மேல் இரண்டும் ஒரே மையில் கிடப்பதால்தான் குழப்பம்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். காசு கொடுத்தவருக்கு எழுத்து சொந்தமாகுமா? பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பலமுறை படித்திருக்கிறேன். படைப்பாளியே முதல் உரிமையாளர் என்று தொடங்கி, பிறகு விலக்குகளைச் சொல்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையில் படைத்தது முதலாளிக்கு. அப்பா யாரிடமும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. இன்னொரு விலக்கு: ஒருவர் கேட்டு, விலை கொடுத்து எடுத்த புகைப்படம், தீட்டிய ஓவியம், உருவப்படம், செதுக்கிய அச்சு, திரைப்படம் ஆகியவை கேட்டவருக்கே சொந்தம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை.

இந்த இடத்தில்தான் நான் நின்று நின்று யோசித்தேன். அப்பா தகரப் பலகையில் எனாமல் பெயிண்டால் எழுதிய நூற்றுக்கணக்கான கடைப் பெயர்களை ‘தீட்டிய ஓவியம்’ என்று ஒருவர் வாதாட இடமுண்டு. அப்படிப் பார்த்தால் பலகைகள் கடைக்காரர்களுடையவை. ஆனால் லேபிளுக்காகத் தாளில் கோட்டால் வரைந்தது? சட்டம் கலைப்படைப்பு என்பதை விளக்கும்போது ஓவியத்தையும் வரைபடத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது. விலக்கில் வரைபடம் இல்லை. அழகாக இருந்தால்தான் கலைப்படைப்பு என்றும் சட்டம் கேட்கவில்லை. ஆகவே அந்த டிரேசிங் தாளில் இருக்கும் வடிவம் அப்பாவுடையது என்றே நான் படிக்கிறேன். அதை அச்சடித்து விற்க அவர் சம்மதித்தார், அதில் சந்தேகமே இல்லை. சம்மதம் வேறு, உடைமை வேறு. உடைமை கை மாற வேண்டுமென்றால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். 75 ரூபாய்க்கு அப்பா ரசீதுகூடக் கொடுத்ததில்லை.

இரண்டு சட்டங்களும் இந்த மோதலை அறியாமல் இல்லை. ஒன்றின் வாசலில் இன்னொன்று காவல் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பொருள்களின் மேல் பயன்படக்கூடிய கலைப்படைப்பைப் பதிய வருபவரிடம், ‘இதே போன்ற, அல்லது ஏமாற்றும் அளவுக்கு ஒத்த வணிகக்குறி வேறு யாருடைய பெயரிலும் இல்லை, யாரும் விண்ணப்பிக்கவும் இல்லை’ என்று வணிகக்குறிப் பதிவாளரிடமிருந்து சான்று வாங்கி வரச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் டிரேட்மார்க் கிடைக்காத லேபிளைக் கலைப்படைப்பு என்று பெயர் மாற்றி, ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும் காவல் வாங்கிவிடலாம் அல்லவா? எதிர்ப்பக்கம், வணிகக்குறிச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தால் தடுக்கப்படக்கூடிய குறியைப் பதிவு செய்யக் கூடாது. இந்த வரியைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். யாரோ வரைந்ததை எழுதி வாங்காமல் வணிகக்குறியாக்கினால், வரைந்தவரோ அவருடைய வாரிசோ எதிர்த்து நிற்க முடியும் என்று பொருள். அந்த வாரிசுகளில் ஒருத்தி அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“நீ தடுப்பாயா கண்ணு?” என்று கேட்டார்.

“தடுக்க மாட்டேன் மாமா. ஆனால் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்க வேண்டும்.”

எனக்கு வேண்டியது பணம் அல்ல. 57ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் ‘இதைப் படைத்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளியிடமே தங்கியிருக்கும் என்கிறது அது. 2012 திருத்தத்துக்குப் பிறகு வாரிசுகளும் அதைக் கோரலாம். போர்டு எழுதுபவர்களுக்கு இப்படியொரு உரிமை இருப்பதை அப்பா அறிந்திருக்க வழியில்லை. ஏணியில் நின்று, சுண்ணாம்பு தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, ஒரே மூச்சில் ‘ழ’வைச் சுழித்து முடிப்பார். கடையின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. 2016இல் அவர் இறந்தபோது கடைவீதியில் பாதிப் பலகைகள் ஃப்ளெக்ஸாக மாறியிருந்தன.

எழுத்துருவின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். குன்னூரில் வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் பெண் ஒருத்தி போன கோடையில் பதறிப்போய் என்னிடம் வந்தாள். இணையத்தில் இலவசமாக இறக்கிய ஓர் ஆங்கில ஃபான்ட்டில் பெட்டிக்குப் பெயர் போட்டிருக்கிறாள். அந்த ஃபான்ட்டை வரைந்த வெளிநாட்டுக்காரர், வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். ‘எழுத்துக்கு யாராவது உரிமை கொண்டாடுவார்களா அக்கா?’ என்று கேட்டாள்.

வடிவத்துக்கு மட்டும் என்றால், பல நாட்டுச் சட்டம் அவள் பக்கம்தான். அமெரிக்காவில் 1978இல் ‘எல்ட்ரா எதிர் ரிங்கர்’ வழக்கில் எழுத்துமுகத்துக்கு, அதாவது ஒரு முழு எழுத்துத் தொகுதியின் வடிவத்துக்கு, பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. இந்தியாவில் 2002இல் ‘ஆனந்த எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்’ என்ற எழுத்துரு தொடர்பாகப் பதிப்புரிமை வாரியமும் அதே பக்கம்தான் போயிற்று. எழுத்து எல்லாருக்கும் பொதுவான கருவி, அதைப் பூட்டிவிட்டால் எழுதுவது எப்படி என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஆனால் கணினியில் நாம் நிறுவும் ஃபான்ட் வெறும் வடிவம் அல்ல, அது மென்பொருள். மென்பொருளுக்குப் பதிப்புரிமை உண்டு. இறக்கும்போது ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கிய உரிமம் ஒப்பந்தமாகவும் நிற்கும். சில உரிமங்கள் லோகோவாக்கவே தனிக் கட்டணம் கேட்கும். தாளில் அச்சான எழுத்தைப் பார்த்துக் கையால் வரைந்திருந்தால் ஒரு நியாயம், கோப்பை இறக்கித் தட்டச்சு செய்திருந்தால் வேறு நியாயம்.

வடிவத்துக்குக் காவல் இல்லாத இடத்தில் ஃபான்ட் செய்பவர்கள் பெயரை வணிகக்குறியாக்கிக் காத்துக்கொண்டார்கள். அதனால்தான் ‘ஹெல்வெடிகா’வை அப்படியே ஒத்த எழுத்துரு ‘சுவிஸ் 721’ என்ற பெயரில் விற்றது. ‘டைம்ஸ்’ஸை ஒத்தது ‘டச்சு 801’ ஆயிற்று. உடல் ஒன்று, பெயர் இரண்டு. சொல்லைக் காக்கும் சட்டம் இங்கே வரைந்தவருக்குத் துணை நிற்கிறது, வரைதலைக் காக்கும் சட்டம் கைவிட்டுவிடுகிறது. என் தைலப் புட்டிக் கதையைத் தலைகீழாக நிறுத்தியது போல.

குன்னூர்ப் பெண்ணிடம் உரிமக் கட்டணத்தைக் கட்டிவிடச் சொன்னேன். வழக்காடினால் என்ன ஆகும் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. எங்கோ ஒருவர் இரவெல்லாம் கண் விழித்து வரைந்திருக்கிறார், என் அப்பாவைப் போல. கட்டினாள். பிறகு, அவளுடைய பிராண்ட் பெயர் எந்த அகராதியிலும் இல்லாத, அவளே கோத்த சொல் என்பதால், லோகோவை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் சாதாரண எழுத்தில் வணிகக்குறியாக விண்ணப்பிக்கச் சொன்னேன். அப்போது எந்த ஃபான்ட்டில் போட்டாலும் பெயர் அவளுடையது. தைலக்காரப் பெரியவருக்குத்தான் அந்த வழி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று இருக்கின்றன. கேட்டமரன், மீரா இனிமை, நோட்டோ போன்றவை. 2007இல் வந்த எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமம் 1.1, லேபிளோ லோகோவோ எதற்கும் காசில்லாமல் பயன்படுத்த விடுகிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ‘ஊட்டித் தேன்’ என்பது போன்ற பொதுச்சொல்லை அதில் தட்டச்சு செய்து, இந்த வடிவம் எனக்கே சொந்தம் என்று எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். சொல் ஊருடையது, எழுத்து எல்லாருடையது. உங்களுடையது என்று அதில் எதுவும் இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமை விதி இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: பெயர், குறுஞ்சொற்றொடர், எழுத்தலங்காரத்திலோ நிறத்திலோ சிறு வேறுபாடு, இவற்றுக்குப் பதிவு இல்லை.

இதெல்லாம் எனக்கு வெறும் தொழில் அறிவு அல்ல. மூன்று ஆண்டுகளாக அப்பாவின் எழுத்துகளை ஓர் எழுத்துருவாகச் செய்துகொண்டிருக்கிறேன். தகரப் பெட்டியில் அவர் விட்டுச்சென்ற 61 டிரேசிங் தாள்களும், மீதமிருக்கும் பலகைகளை நான் எடுத்த புகைப்படங்களும்தான் மூலம். முடிந்ததும் திறந்த உரிமத்தில் வெளியிட எண்ணம். அப்பா வரைந்த எட்டு எழுத்துக்கு, ஒரு லேபிளின் வரைபடம் என்பதால், சட்டம் காவல் தருகிறது. அதே கையின் 247 எழுத்தையும் நான் வரிசையாக வைத்தால் ‘எழுத்துமுகம்’ என்று சொல்லிக் கையை எடுத்துக்கொள்கிறது. கூடுதலாக உழைத்தால் குறைவாகக் கிடைக்கிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் எல்லாரும் எழுதட்டும் என்றுதானே வெளியிடப் போகிறேன், அந்த உரிமம் அனுமதிப்பதுபோல் பெயரை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்வேன். மாற்றி வரைபவர்கள் வேறு பெயர் சூட்டட்டும்.

பெரியவர் வந்துபோன இரவில் கணினியைத் திறந்து ‘ல’வைப் பார்த்தேன். இலையோடு கூடிய ‘ல’. என் எழுத்துருவிலேயே மிக அழகான எழுத்து. அதை வெளியிட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் ‘நீலகிரித் தைலம்’ என்று தட்டச்சு செய்து, அதே இலையோடு லேபிள் அடித்துவிடலாம். பெரியவர் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்த முப்பத்தைந்து ஆண்டும் ஒரு நொடியில் போய்விடும். அப்பா அந்த இலையை அவருக்காகத்தான் வரைந்தார். எழுத்துருக் கோப்பிலிருந்து அந்த ‘ல’வை எடுத்துவிட்டேன். வேறொரு பலகையில், ஒரு துணிக்கடைக்காக அவர் எழுதிய, இலையில்லாத சாதாரண ‘ல’வை அந்த இடத்தில் வைத்தேன்.

மறுவாரம் தம்பி திருப்பூரிலிருந்து வந்தான். மூவரும் கையெழுத்திட்டோம். லேபிளின் வடிவத்தைத் தைல வியாபாரத்துக்காகப் பெரியவருக்கு எழுதிக் கொடுத்தோம். எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று எல்லாம் தமிழில் தெளிவாக. தொகையை அம்மா சொன்னார்: 75 ரூபாய் அன்றைக்கே வந்துவிட்டது, இன்றைக்கு 1,000 ரூபாய் போதும் என்று. படிவத்தைப் புதிதாக நிரப்பினோம். படைப்பாளியின் பெயர், நாட்டினம், காலமாகிவிட்டிருந்தால் அந்தத் தேதி. தேதியை எழுதும்போது பெரியவரின் கை நின்றுவிட்டது. நான் எழுதி முடித்தேன். 2076 கடைசி நாள் வரை அந்த எட்டு எழுத்துக்குப் பதிப்புரிமை இருக்கும்.

எழுத்துருவில் இப்போது ஓர் எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. ‘ஃ’ காஃபிக் கடைப் பலகையிலிருந்து கிடைத்தது. ‘ங’ தங்க நகைக் கடையிலிருந்து. ‘ஔ’ எங்குமே இல்லை. குன்னூர், கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேணுப் பக்கம் யாருடைய வீட்டுப் பரணிலாவது ‘ஔஷதம்’ என்று எழுதிய பழைய நாட்டு மருந்துக் கடைப் பலகை இருந்தால், அதன் கீழ் வலது மூலையைத் துடைத்துப் பாருங்கள். ஒரு சிறிய பிறைக்கோடு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அப்பா தன் பெயருக்குப் பதிலாக அதைத்தான் போடுவார்.